பழைய பாக்கி

"பழைய பாக்கி இருக்கா அண்ணாச்சி?"
என்றுதான் ஆவுடைத்தங்கம் கேட்பாள்.
இருக்கு என்று உள்ளே போவேன்.
முக்கூடல் பஸ் நிறுத்தத்து வெயிலுக்கு
என் கடையில் ஒதுங்கியவர்கள்
ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள்,
கடன்காரியைப் பார்க்கிற பார்வை.
மாத்திரை அட்டையோடு சேர்த்து
அதையும் அவள் வாங்கிக்கொள்வாள்.

அவளாகத் தேர்ந்தெடுத்த பார்வை அது.

போன ஆடியில் முதல் தடவை சீட்டை நீட்டினாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கடை முழுக்கக் கேட்கிற மாதிரி
"இது மண்டைக் கோளாறுக்குல்லா தருவாவ,
யாருக்கும்மா?" என்றேன்.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.
இருபத்திரண்டு வருடம் இந்தக் கல்லாவில் நிற்கிறேன்.
எந்த மாத்திரை எதோடு சண்டை போடும், தெரியும்.
ஒரு கேள்வி என்ன செய்யும், தெரியாது.
"பக்கத்து வீட்டு அக்காவுக்கு" என்று
சீட்டை மடித்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி மழையில், ராத்திரி இரண்டு மணிக்கு,
தெருவிளக்கோடு வழக்குப் பேசிக்கொண்டிருந்தவளை
வேன் வைத்து ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோனதாகப்
பால்காரர் சொன்னார், சிரித்துக்கொண்டே.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரண்டு தடவை தப்பாக எண்ணினேன்.

தையில் வந்தாள்.
கூட்டம் கலையட்டும் என்று குளிர்பெட்டி ஓரம் நின்றவள்
கலையாத கூட்டத்தின் நடுவே சட்டென்று கேட்டாள்,
பழைய பாக்கி இருக்கா?
நான் முழித்தேன்.
அவள் கண்ணை எடுக்கவில்லை.
பிறகுதான் "இருக்கு" என்றேன்.

கணக்கு நோட்டில் அவளுக்கு ஒரு பக்கம் போட்டேன்.
அறுபது என்றால் அறுபது மாத்திரை.
ஆறு என்றால் ஆறு நாள் பிந்தி வந்திருக்கிறாள்.
பக்கத்தில் 'ந' என்றால் கை நடுக்கம்.
மருந்துத் தாளில் நடுக்கம் பொடி எழுத்து.
அவள் மடியில் இருக்கிற சுளகில் அது கூலி.
இலை சுருளாது, தூள் சிந்தும்,
கம்பெனிக்காரன் கட்டுக்கட்டாகக் கழிப்பான்.
அதனால் ராத்திரி மாத்திரையை
ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கியிருந்தாள்.
இதை மாசியில் சொன்னாள், தராசைப் பார்த்துக்கொண்டே.
வழக்கமாகத் திட்டியிருப்பேன்.
துண்டுத்தாளில் டாக்டருக்கு எழுதினேன்:
கை நடுங்குகிறது. தொழில், பீடி சுற்றுவது.
அளவை மாற்றி அனுப்பியிருந்தார்.

சித்திரைக் கடைசியில் மச்சினி மகள் கல்யாணம்,
இரண்டு நாள் நாசரேத்தில் இருந்தேன்.
கடைப் பையன் எசக்கிராசா சுறுசுறுப்பானவன்.
நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் கூட்டி,
'ந'வை நிலுவை என்று வாசித்து,
போன் போட்டிருக்கிறான்.
"எக்கா, ஒங்க பேர்ல இருநூத்தி அம்பத்தஞ்சு நிக்கி."

வந்து கட்டியிருக்கிறாள்.
எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.
எல்லாம் பத்தும் இருபதும்,
கடைசியில் ஓர் அஞ்சு ரூபாய் வட்டக்காசு.
"நல்ல பார்ட்டி அண்ணாச்சி" என்றான் ராசா.

ஆயிரம் பீடி. விடிய ஆரம்பித்தால் இருட்டும்வரை.

கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது.
மெடிக்கல்காரன் வண்டி வாசலில் நின்றால்
தெரு கேட்கும், யாருக்கு என்ன என்று.
கல்லாவில் போட்டால் கலந்துவிடும்.
குளிர்பெட்டியில், இன்சுலினுக்குப் பின்னால் வைத்தேன்.
கதவைத் திறக்கும்போதெல்லாம் இருந்தது.

வைகாசியில் சரியான நாளில் வந்தாள்.
மூன்று பேர் நின்றார்கள், ஒருவருக்குப் பல்வலி.
"பழைய பாக்கி இருக்கா அண்ணாச்சி?"
"இருக்கு. நாந்தான் ஒனக்குத் தரணும்."
சில்லிட்ட நோட்டுகளை அட்டையோடு வைத்தேன்.
பல்வலிக்காரர் தாடையைப் பிடித்தபடி
என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்தப் பார்வை.
வாங்கிக்கொண்டேன்.

ஆவுடைத்தங்கம் அங்கேயே நின்று எண்ணினாள்,
நிதானமாக, எல்லோரும் பார்க்க.
வட்டக்காசைக் கடைசியில் வைத்தாள். விரல் ஆடவில்லை.
"சரியா இருக்கு" என்றாள்.
"இனிமே கடன் வாங்குனா
சொல்லிட்டு வாங்கும் அண்ணாச்சி."